பி.ஏ. ஆங்கிலம், பி.எட். இல்லை: வெளிநாட்டில் ஆங்கிலம் சொல்லித்தர எங்கே போகலாம்?

தாமிரபரணிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமம். வயது 26. பாளையங்கோட்டையில் ரெகுலர் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் முடித்தேன். வீட்டு நிலைமையில் பி.எட். சேர முடியவில்லை. மூன்று வருடமாக ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். சம்பளம் 11,500 ரூபாய். மே மாதம் பாதிதான் தருவார்கள்.

வெளிநாட்டில் ஆங்கிலம் சொல்லித்தரும் வேலைக்குப் போகலாம் என்று கொஞ்ச நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். கொரியா, ஜப்பான், வியட்நாம், தாய்லாந்து, கம்போடியா எல்லாம் பார்த்தாயிற்று. மேலே "டிகிரி போதும்" என்று போட்டிருக்கிறார்கள். கீழே போனால் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று கேட்கிறார்கள். அங்கேயே நின்றுவிடுகிறது.

இதற்கிடையில் ஒரு ஏஜென்ட் பழக்கமாகியிருக்கிறார். கம்போடியாவில் ஆங்கில ஆசிரியர் வேலை, மாதம் 900 டாலர் என்கிறார். 1,80,000 ரூபாய் கட்டினால் இரண்டு வாரத்தில் ஏற்றிவிடுவாராம். முதலில் டூரிஸ்ட் விசா, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாமாம். எந்தப் பள்ளி என்று கேட்டால், "போனதும் ஒதுக்குவார்கள்" என்று சொல்கிறார். அப்பா வயலை ஒத்திக்கு வைத்துத் தருகிறேன் என்கிறார்.

நான் கேட்பது இதுதான். என்னிடம் இருக்கிற படிப்புக்கு எந்த நாடு சரிப்படும்? இந்தக் கம்போடியா வேலையை நம்பலாமா?

வாசன்_மதுரை

கொரியாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அங்கே ஆங்கில ஆசிரியருக்குக் கொடுப்பது இ-2 விசா. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று ஏழு நாட்டுக்காரர்களுக்குத்தான் அது பொதுவாகக் கிடைக்கும். இந்தியாவுக்கும் கொரியாவுக்கும் 2010இல் நடைமுறைக்கு வந்த வர்த்தக ஒப்பந்தத்தால் நமக்கும் ஒரு சின்ன வழி இருக்கிறது. ஆனால் பள்ளிகளில் துணை ஆசிரியராக மட்டும்தான், அதற்கும் ஆசிரியர் பயிற்சித் தகுதி வேண்டும். பி.எட். இல்லாமல் நடக்காது. தனியார் டியூஷன் மையங்களுக்கு இந்த வழி செல்லாது.

ஜப்பானில் பள்ளிகளுக்கு வெளிநாட்டுத் துணை ஆசிரியர்களை எடுக்கிற ஜெட் என்ற அரசுத் திட்டத்துக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும், பி.எட். கேட்பதில்லை. இந்தியாவிலிருந்தும் ஆள் எடுக்கிறார்கள், ஜப்பான் தூதரகம்தான் தேர்வு செய்கிறது. எடுப்பது மிகச் சிலரைத்தான். விண்ணப்பம் போட்டு வையுங்கள், அதை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

உதோன் டீச்சர்

தம்பி, அந்த ஏஜென்டிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வயலில் கை வைக்க வேண்டாம் என்று அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. தாய்லாந்தின் வடகிழக்கில் ஈசான் என்ற பகுதி இருக்கிறது. அங்கே உதோன் தானி மாகாணத்தில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் சில வருடங்களாக ஆங்கிலம் எடுக்கிறேன். எனக்கும் பி.எட். கிடையாது. வெறும் பி.ஏ.தான். அதனால் உங்கள் நிலைமை எனக்கு நன்றாகவே புரிகிறது.

முதலில் கம்போடியா. அங்கே உண்மையான பள்ளிகள் நிறைய இருக்கின்றன, நல்லபடியாக வேலை செய்கிற இந்திய ஆசிரியர்களும் இருக்கிறார்கள். உங்களிடம் வந்திருப்பது அந்த மாதிரி வேலையாகத் தெரியவில்லை. 2022இலிருந்தே கம்போடியா, மியான்மர், லாவோஸ் என்று வேலைக்குக் கூட்டிப்போய், ஆன்லைன் மோசடிக் கூடாரங்களில் அடைத்து வைக்கிறார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, சம்மதிக்காதவர்களை அடிக்கிறார்கள். மியான்மரில் இருக்கிற மியாவடியிலிருந்து அந்த வருடம் மீட்கப்பட்டுச் சென்னைக்கு வந்தவர்கள் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். இந்தியத் தூதரகங்கள் இதைப் பற்றித் திரும்பத் திரும்ப எச்சரிக்கை விட்டிருக்கின்றன. உங்கள் ஏஜென்டும் அந்தக் கூட்டமா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அவர் சொன்னதை அப்படியே பாருங்கள். பள்ளியின் பெயர் இல்லை. நேர்காணல் இல்லை. டூரிஸ்ட் விசா. இரண்டு வாரம். ஒரு பாடம் எடுத்துக் காட்டச் சொல்லாமலே டீச்சர் வேலை தருகிறவருக்கு டீச்சர் தேவையில்லை, தம்பி. வேறு எதற்கோ ஆள் தேவை.

இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்டுகளின் பட்டியல் இருக்கிறது. பதிவு எண் கேளுங்கள். பதிவு பெற்றவர்கூட உங்களிடம் வாங்கக்கூடிய அதிகபட்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். 1,80,000 என்று சொன்னதுமே கணக்கு முடிந்துவிட்டது.

சரி, எங்கே போகலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். எந்த நாடு அழகு, எங்கே சம்பளம் அதிகம் என்று தேட ஆரம்பித்தால் தலை சுற்றும். இந்தியப் பாஸ்போர்ட்டும் வெறும் பி.ஏ.யும் வைத்திருக்கிற ஒருவருக்கு எந்த நாட்டுச் சட்டம் வொர்க் பெர்மிட் தருகிறது என்று மட்டும் பாருங்கள். பட்டியல் உடனே சின்னதாகிவிடும். என் கணக்கில் உங்களுக்கு மிஞ்சுவது தாய்லாந்தும் வியட்நாமும்.

வியட்நாமில் மொழி மையங்களில் வேலை செய்ய, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஆளுக்கு மூன்று கேட்கிறார்கள்: டிகிரி, ஆங்கிலப் புலமையில் சி1 அளவு, மொழி கற்பிக்கும் பயிற்சிச் சான்றிதழ் ஒன்று. மூன்றையும் முறையாக அட்டெஸ்ட் செய்ய வேண்டும். மையங்களில் வகுப்புகள் பெரும்பாலும் மாலையிலும் சனி ஞாயிறிலும்தான். எனக்குத் தெரிந்த இரண்டு பேர் அங்கே இருக்கிறார்கள், திருப்தியாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் சி1 என்பது ஐஎல்ட்ஸில் கிட்டத்தட்ட 7. அதற்குக் கொஞ்சம் தயாராக வேண்டும்.

தாய்லாந்தில் பள்ளியில் பாடம் எடுக்க, எந்தப் பாடத்திலாவது டிகிரி இருக்க வேண்டும். ஆசிரியர் உரிமம் கொடுப்பது குருசபா என்கிற ஆசிரியர் கவுன்சில். பி.எட். இல்லாதவர்களுக்குப் பள்ளியே குருசபாவுக்கு எழுதி, தற்காலிக அனுமதி வாங்கிக் கொடுக்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அதைப் புதுப்பிக்க வேண்டும். காலம் முழுக்க இப்படியே ஓட்ட முடியாது என்பதையும் மனதில் வையுங்கள். அதோடு நம்மைப் போன்றவர்களிடம் டோயிக் என்கிற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் கேட்பார்கள். 990க்கு 600 இருந்தால் பெரும்பாலான பள்ளிகள் ஏற்றுக்கொள்ளும். இரண்டு மணி நேரத் தேர்வு, கேட்டலும் வாசிப்பும் மட்டும்தான். மூன்று வருடம் ஆங்கிலம் எடுத்த உங்களுக்கு அது பெரிய விஷயமே இல்லை. ஐஎல்ட்ஸைவிடச் செலவும் குறைவு.

ஆங்கிலம் சொல்லித்தருவதற்கு 120 மணி நேர ஆன்லைன் டெஃபல் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறதே, சில ஆயிரம் ரூபாயில் முடித்துவிடலாம். காகிதத்துக்கு ஆகும். வகுப்பில் நிற்கச் சொல்லித் தராது. செல்டா என்கிற ஆங்கில ஆசிரியர் பயிற்சி நல்ல படிப்பு, நிஜ மாணவர்களுக்கு ஆறு மணி நேரம் பாடம் எடுக்க வைத்துத்தான் தேர்ச்சி தருவார்கள். ஆனால் செலவு அதிகம், அந்தப் பணத்துக்கு இப்போது நீங்கள் எங்கே போவீர்கள்? உங்கள் மெட்ரிக் பள்ளியின் அனுபவச் சான்றிதழை லெட்டர்ஹெட்டில், சீல் போட்டு, தேதியோடு வாங்கி வையுங்கள். அதற்கு மதிப்பு உண்டு.

இனி சம்பளம். மனதைத் தயார்படுத்திக்கொண்டு படியுங்கள். இங்கே விளம்பரத்திலேயே என்.இ.எஸ்., என்.என்.இ.எஸ். என்று பிரித்துப் போடுவார்கள். ஆங்கிலம் தாய்மொழியானவர், ஆகாதவர் என்று அர்த்தம். ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஒரே பாடப்புத்தகம். அவருக்கு 30,000 பாட்டுக்கு மேல், எனக்கும் பிலிப்பைன்ஸ் தோழிக்கும் அதில் பாதியிலிருந்து முக்கால் வரை. எங்கள் மாகாணத்தில் புதிதாக வரும் இந்தியருக்கு 16,000 முதல் 22,000 பாட் வரை சொல்வார்கள். இது அநியாயம்தான். வருடக்கணக்கில் பாடம் எடுத்த பிலிப்பைன்ஸ் ஆசிரியைகள், நேற்று வந்த 22 வயதுப் பையனைவிடக் குறைவாக வாங்குவதைப் பார்த்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. ஆனாலும் இங்கே அறை வாடகை 3,000 பாட், சாப்பாடு 5,000 பாட்டுக்குள் அடக்கலாம். 18,000 வாங்கினாலும் மாதம் இருபதாயிரம் ரூபாய் வீட்டுக்கு அனுப்ப முடியும். பாங்காக்கில் சம்பளம் கூட, கையில் நிற்பது குறைவு. முதல் வேலைக்கு ஈசான் பக்கமே பாருங்கள்.

ஒப்பந்தத்தில் ஒன்றைக் கவனியுங்கள். பள்ளியே நேராக வேலைக்கு எடுத்தால் பன்னிரண்டு மாதச் சம்பளம் கிடைக்க வாய்ப்பு அதிகம். நடுவில் ஆசிரியர் ஏஜென்சி இருந்தால் பத்து மாத ஒப்பந்தம்தான் போடுவார்கள். மார்ச், ஏப்ரல் விடுமுறையில் கையில் ஒன்றும் வராது. மே மாதம் பாதிச் சம்பளம் வாங்கிப் பழகிய உங்களுக்கு அது என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

விசா விஷயம். இந்தியர்கள் சுற்றுலாவுக்கு விசா இல்லாமல் வரலாம் என்று 2023 நவம்பரில் திறந்துவிட்டார்கள். அதை வைத்து நிறையப் பேர் வந்து, அப்படியே வகுப்பில் போய் நின்றுவிடுகிறார்கள். வந்து பள்ளிகளைப் பார்ப்பதும் நேர்காணலுக்குப் போவதும் ஒன்று. வொர்க் பெர்மிட் இல்லாமல் பாடம் எடுப்பது வேறு. பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், நாடு கடத்தல், அப்புறம் இரண்டு வருடத்துக்கு வொர்க் பெர்மிட் கிடையாது. சரியான வழி நான்-இமிக்ரண்ட் பி விசா. பள்ளி தரும் கடிதங்களை வைத்து, தாய்லாந்துக்கு வெளியே இருந்து விண்ணப்பிப்பதுதான் வழக்கம். ஊரிலேயே இருந்து ஆன்லைனில் நேர்காணல் முடித்து, விசாவோடு வந்து இறங்குவதுதான் உங்களுக்கு நல்லது.

கடைசியாக வகுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை எந்த ஏஜென்டும் சொல்ல மாட்டார். ஒரு வகுப்பில் நாற்பது, நாற்பத்தைந்து பிள்ளைகள் இருப்பார்கள். சத்தம் போட மாட்டார்கள், ஆனால் வாயையும் திறக்க மாட்டார்கள். தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற கூச்சம். அந்தக் கூச்சம் எனக்குத் தெரிந்த கூச்சம். ஒன்பதாம் வகுப்பு வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் எழுந்து நின்று பதில் சொன்னவள் நான். நம் பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லின் கடைசியில் ஒரு உகரத்தை ஒட்டிவிடுவார்கள், 'பஸ்ஸு', 'ஃபேனு' என்று. தாய்லாந்துப் பிள்ளைகள் கடைசி எழுத்தை விழுங்கிவிடுவார்கள், இல்லையென்றால் மாற்றிவிடுவார்கள். 'ஸ்கூல்' என்பது 'சகூன்' ஆகிவிடும். உதட்டிலும் நாக்கிலும் எங்கே சிக்குகிறது என்பது, அந்த மொழியைப் பாடுபட்டுப் படித்தவளுக்குத்தான் சட்டென்று பிடிபடும். உங்களுக்கும் பிடிபடும். இரண்டாம் மொழியாகப் படித்தவர் என்பதை நேர்காணலில் மறைக்காதீர்கள், அதையே சொல்லுங்கள்.

ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை ஆசிரியர்களை வணங்குகிற நாள் வரும். பிள்ளைகள் தட்டில் அறுகம்புல், இட்லிப்பூ, கத்தரிப்பூ எல்லாம் வைத்து அலங்கரித்து, முழங்காலில் நகர்ந்து வந்து நம் கையில் கொடுப்பார்கள். அந்த வரிசையில் ஆசிரியருக்கு எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று யாரும் பார்ப்பதில்லை. சம்பள விஷயத்தில் வெறுத்துப்போய் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்த வருடம்கூட, அந்த நாளுக்கு அப்புறம் நான் டிக்கெட் போடவில்லை.

கடல்தாண்டி

நான் நாகர்கோவில். மாலத்தீவில் ஒரு தீவுப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். உதோன் டீச்சர் சொன்ன எல்லாவற்றோடும் ஒத்துப்போகிறேன், ஒன்றைத் தவிர. தம்பி முதலில் பி.எட். முடிப்பதுதான் நல்லது.

இங்கே திவேஹி மொழியும் இஸ்லாமும் தவிர மற்ற எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில்தான். நம் ஊர், கேரளா ஆசிரியர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். திருவனந்தபுரத்திலிருந்து மாலே ஒரு மணி நேரப் பயணம். தாய்மொழி ஆங்கிலமா என்று இங்கே யாரும் கேட்பதில்லை, ஆசிரியர் பயிற்சி இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். வளைகுடாவில் இருக்கிற சி.பி.எஸ்.இ. பள்ளிகளும் அப்படித்தான். கொரியா வழிகூட பி.எட். இருந்தால்தான் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு படித்துவிட்டால் இத்தனை கதவும் திறக்கும்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். சம்பளம் ரூஃபியாவில். அதை டாலராக்கி ஊருக்கு அனுப்புவதற்கு வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது, டாலர் தட்டுப்பாடு எப்போதும் உண்டு. தீவு சின்னது, அரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். மழைக்காலத்தில் படகு வராவிட்டால் காய்கறி கிடையாது. தனிமை தாங்குகிறவர்கள்தான் இங்கே நிலைக்கிறார்கள்.

தாமிரபரணிக்காரன்

உதோன் அக்கா, கடல்தாண்டி அக்கா, வாசன் அண்ணன், எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அப்பாவிடம் பேசிவிட்டேன். வயல் அப்படியே இருக்கும். ஏஜென்டிடம் பதிவு எண் கேட்டேன், போனை வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிடவில்லை.

பி.எட். பற்றி வீட்டில் பேசினோம். தங்கை இப்போது நர்சிங் இரண்டாம் வருடம். அவள் முடிக்கிற வரைக்கும் நான் சம்பளம் இல்லாமல் உட்கார முடியாது. அதனால் தாய்லாந்துக்கு முயற்சி செய்யலாம் என்று நினைக்கிறேன். எந்த வேலையை முதலில் செய்வது? இன்னொரு சந்தேகம். டிகிரி சான்றிதழில் என் பெயர் இனிஷியலோடு இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக சர்நேம் இடத்தில் இருக்கிறது. இதனால் பிரச்சினை வருமா?

உதோன் டீச்சர்

போனை வைத்துவிட்டாரா, நிம்மதி. அதே ஆள் உங்கள் ஊரில் வேறு யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பார். கூடப் படித்தவர்களிடம் சொல்லி வையுங்கள்.

கடல்தாண்டி சொல்வது சரிதான், பி.எட். இருந்தால் எல்லாமே லேசு. ஆனால் தங்கை படிப்பு நடக்கும்போது நீங்கள் எடுத்த முடிவுதான் எனக்கும் சரியாகப் படுகிறது. இங்கே இரண்டு வருடம் வேலை செய்து பணம் சேர்த்துக்கொண்டு, அப்புறம் ஊருக்கு வந்து பி.எட். சேருங்கள். குருசபாவின் தற்காலிக அனுமதியை நம்பி அதற்கு மேல் இழுக்காதீர்கள்.

பெயர் விஷயம் பிரச்சினைதான். இனிஷியல் என்றால் என்னவென்று இங்கே இருக்கிற அதிகாரிகளுக்குத் தெரியாது. டிகிரியில் ஒரு ஆள், பாஸ்போர்ட்டில் இன்னொரு ஆள் என்றுதான் பார்ப்பார்கள். இரண்டு பெயரும் ஒரே நபர்தான் என்று நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று ஆங்கிலத்தில் போட்டு, டிகிரியோடு சேர்த்தே அட்டெஸ்ட் செய்துவிடுங்கள். பள்ளிக்கு விண்ணப்பம் அனுப்பும்போது எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். டோயிக் பதிவு செய்யும்போதும் அதே பெயர். தேர்வுச் சான்றிதழில் இனிஷியல் வந்துவிட்டால் மூன்றாவதாக ஒரு ஆள் முளைத்துவிடுவார்.

உங்களிடம் இருப்பது புரொவிஷனலா, கான்வகேஷன் சான்றிதழா? புரொவிஷனல் மட்டும் என்றால் பல்கலைக்கழகத்தில் கான்வகேஷன் சான்றிதழுக்கு இந்த வாரமே விண்ணப்பியுங்கள். குருசபாவுக்கு அதுதான் வேண்டும், மதிப்பெண் பட்டியலும் சேர்த்து. எல்லாவற்றையும்விட இதற்குத்தான் நாள் பிடிக்கும். அது கைக்கு வந்த பிறகு அட்டெஸ்டேஷன். டோயிக்கை இடையில் எழுதிவிடலாம், மதிப்பெண் இரண்டு வருடம் செல்லும். போலீஸ் சான்றிதழைக் கடைசியில் எடுங்கள். பாஸ்போர்ட் சேவாவில் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் அண்மையில் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பார்கள். இப்போதே எடுத்தால் வேலை கிடைக்கும்போது பழையதாகிவிடும்.

இங்கே முதல் பருவம் மே நடுவில், இரண்டாம் பருவம் நவம்பர் தொடக்கத்தில். இரண்டுக்கும் முன்னால் ஒன்றரை மாதம்தான் பள்ளிகள் ஆள் தேடும் காலம். நவம்பரைக் குறிவைத்தால் செப்டம்பருக்குள் காகிதமெல்லாம் கையில் இருக்க வேண்டும்.

நேர்காணலில் மாதிரிப் பாடம் கேட்பார்கள். இப்போது உங்கள் ஏழாம் வகுப்பிலேயே பத்து நிமிடப் பாடம் ஒன்றை, தமிழே இல்லாமல், படமும் சைகையும் மட்டும் வைத்து எடுத்துப் பாருங்கள். பிள்ளைகள் முகம் தெரியாதபடி, பின் வரிசையிலிருந்து போனில் படம் பிடித்து எனக்குத் தனியாக அனுப்புங்கள். பேச்சைக் குறைத்துப் பிள்ளைகளைப் பேச வைக்கிறீர்களா என்பதைத்தான் இங்கே பார்ப்பார்கள். நானும் அதைத்தான் பார்க்கப் போகிறேன்.